ஏழா ஒன்றா

பெட்டியின் ஒட்டுச்சீட்டில் கடைசி இலக்கம் ஏழு.
கூட வந்த சான்றிதழில் ஒன்று.
அவ்வளவுதான் குற்றம்.

இரத்மலானை. காலை ஒன்பது பத்து.
ஹங்காரின் தகரக் கூரையில்
வெயில் ஏறத் தொடங்கும் நேரம்.
நூற்று நாற்பத்து நான்கு டைட்டேனியம் போல்ட்டுகள்.
செட்டியார் தெருக் கடைக்காரர் கொடியை எடுத்து வைப்பதுபோல்
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன் பஞ்சுத் துணியில்.
ஒன்றின் விலை என் இரண்டு நாள் சம்பளம்.

விட்டம் அளந்தேன், சரி.
மரை பார்த்தேன், சரி.
கடினம் பார்க்கத் தினுக்கவிடம் மூன்று கொடுத்தேன்.
சரி, சரி, சரி.

வீரக்கொடி சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"எல்லாம் சரிதானே, மகேசன்?" என்றார்.
"சரிதான் சேர்.
ஆனால் இவை எவை என்று தெரியாது."

எந்த உலையில் உருகியது,
எந்தக் கட்டியிலிருந்து இழுத்த கம்பி,
யார் வெட்டினார், யார் சுட்டார், யார் பார்த்தார்
என்று பின்னோக்கி நடக்க ஒரு வழி வேண்டும்.
ஓர் இலக்கம் பிசகினால்
அந்த வழியில் மின்சாரம் போய்விடும்.
சிறகுக்குள் இது பூட்டப்பட்ட பிறகு
டோர்ச் அடித்துத் தேட முடியாது.

விற்றவருக்கு எழுதினோம்.
தட்டச்சுப் பிழை, மன்னிக்கவும் என்று முதல் பதில்.
மறுநாள் புதிய சான்றிதழே வந்தது.
பழைய திகதி, பழைய கையெழுத்து,
அதே இடத்தில் அதே மைக்கசிவு.
ஏழு மட்டும் சற்றே தடித்திருந்தது.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம்
சரிதானே என்று கேட்கவில்லை.

சிவப்புக் கூண்டில் பூட்டினேன்.
என் முத்திரை, எண் பதினேழு, பூட்டின் சீட்டில்.
ஓடிட்டர் வந்த வியாழக்கிழமை
ரன்வேயை, புதிய மெஷினை, சுவரில் தொங்கிய தரக்கொள்கையை
அவர் பார்க்கவேயில்லை.
நேரே கூண்டுக்கு வந்தார்.
சாவி யாரிடம்? என்னிடம்.
இன்னொரு சாவி? இல்லை.
எழுதிக்கொண்டார்.
தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றார்.

கழிவென்று தீர்ப்பானாலும் சும்மா எறிய விடாது எங்கள் நடைமுறை.
தலையை அறுக்கவேண்டும், மரையை நசுக்கவேண்டும்,
இனி எந்தக் கையும் எடுத்துப் பூட்டமுடியாதபடி.
தினுக்க அறுத்தான். நான் எண்ணினேன்.
வெள்ளை வெள்ளையாய்ப் பொறி.
பார்க்க அழகாய்த்தான் இருந்தது, சொல்லக்கூடாது.

நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது எண்ணிக்கை.

மறுபடி எண்ணினோம்.
குப்பைக் கூடையைக் கொட்டினோம்.
தினுக்க சப்பாத்தைக் கழற்றி உதறிக் காட்டினான்,
நான் கேட்காமலே; அது எனக்கு வலித்தது.
ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டச் சொன்னேன்.
ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஏழரைக்குக் கிடைத்தது.
வீரக்கொடி சேரின் மேசையில்,
மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல்
அந்த இரண்டாவது சான்றிதழை அமுக்கிக்கொண்டு.
சேர் ஒன்றும் பேசவில்லை.
தானே கொண்டுபோய் அறுத்தார்,
கொஞ்சம் கோணலாக.

கிலோக் கணக்கில் எடுக்க
பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த ஸப்ரி நானா
துண்டொன்றை உள்ளங்கையில் உருட்டினார்.
"நல்ல சாமான் மிஸ். ஏன் இப்பிடிக் கொன்டு போட்டீங்க?
ஒரு த்ரீவீலருக்காவது போட்டிருப்பமே."
"அதான் நானா" என்றேன்.

பதிவேட்டில் எழுத இன்று ஒரு வரிதான்.
நடக்காமல் போனவற்றுக்கு அதில் நிரல் இல்லை.

நூறாம் நம்பர் பஸ்.
காலி வீதி முழுக்க என் முன்சீட்டு ஆடிக்கொண்டே வருகிறது.
குனிந்து பார்த்தால் கால் கழன்ற ஒரு நட்,
துரு, தலைமுறை தெரியாதது.
விரலால் இறுக்கினேன், முடிந்தவரை.
வெள்ளவத்தை வருவதற்குள்
மீண்டும் ஆடத் தொடங்கிவிட்டது.